தொடாமல் நின்ற கை

இந்த மாதம் பிரசங்கம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் வீட்டில் நடந்ததையே சாட்சியாக எழுதும்படி ஆவியானவர் ஏவினார். வெட்கமாய்த்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

என் மூத்த மகன் அத்திப்பட்டு பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். நைட் ஷிப்டு முடிந்தால் காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீஞ்சூர் வந்து இறங்குவான். சபையில் கிட்டார் வாசித்தவன். ஒருநாள் வீட்டில் ஏதோ ராக் பாட்டு வாசித்தான். "இது சாத்தானுடைய சங்கீதம்டா!" என்று கிட்டாரைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். அன்றோடு அவன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏழு மாதம்! ஒரே கூரையின் கீழ் இருந்தும் "சாப்டியா?" என்பதற்கு மேல் பேச்சில்லை.

ஒருநாள் அவன் தலையணைக்கு அடியில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களைக் கண்டேன். இரண்டும் கிளிஃப் ரிச்சர்ட் என்கிற ராக் பாடகரின் வாழ்க்கை வரலாறு. ஒன்று 1977ல் அவரே சொன்னது. மற்றது 1993ல் ஸ்டீவ் டர்னர் என்பவர் எழுதியது. வெந்நீர் அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். புரட்டினபோது 'லக்னோ' என்ற பெயர் கண்ணில் பட்டது. கை நின்றுவிட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகன் வேலைக்குப் போன இரவுகளில் தட்டுத்தடுமாறி வாசித்தேன்.

அந்த மனுஷர் நம் தேசத்தில் பிறந்தவர்! 1940 அக்டோபர் 14ஆம் தேதி, லக்னோவில். பெற்றோர் இட்ட பெயர் ஹாரி வெப். தகப்பனார் நம் ரயில்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1948ல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே வறுமை. ஆனாலும் மகனுக்குக் கிட்டார் வாங்கித் தந்தது யார் தெரியுமா? தகப்பன்தான்! 1958ல், பதினேழு வயதில், முதல் இசைத்தட்டிலேயே பெயர் பெற்றுவிட்டார்.

அவருக்குப் பாடும் ஆசையை மூட்டியது எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு. அந்த எல்விஸோ அமெரிக்காவில் டுபெலோ ஊரில், நம்மைப் போல ஒரு பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த பிள்ளை. சிறுவயதில் அவருக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் அந்தச் சபையின் போதகராம். அந்தப் போதகர் கற்றுக் கொடுத்தார். இந்தப் போதகன் பிடுங்கினான்.

1961ல் கிளிஃபின் தகப்பனார் மரித்துப்போனார். புகழ் இருந்தது, சமாதானம் இல்லை. தேட ஆரம்பித்தார். 1966 ஜூனில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில், பில்லி கிரகாம் கூட்டத்தில், தான் கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்று வெளியரங்கமாய் அறிக்கையிட்டார். பாடுவதையே விட்டுவிட்டுப் பள்ளியில் வேதபாடம் நடத்தலாம் என்றுகூட எண்ணினார். ஆனால் பாட்டோடேயே தேவனுக்குச் சாட்சியாய் இருந்தார்.

பிரியமானவர்களே, இனிமேல்தான் ஆண்டவர் என்னைப் பிடித்தார். 1973ல் டியர்ஃபண்ட் என்ற கிறிஸ்தவ உதவி நிறுவனத்தோடு அவர் பங்களாதேஷ் அகதி முகாமுக்குப் போனார். குழந்தைகளின் உடம்பெல்லாம் புண். படம் எடுப்பதற்காக ஒரு குழந்தையண்டை குனிகிறார். ஆனால் மேலே படாமல் இருக்கப் பார்க்கிறார். அந்நேரம் யாரோ தெரியாமல் அந்தக் குழந்தையின் விரல்களை மிதித்துவிட, அது வீறிட்டு அழுகிறது. அவ்வளவுதான்! அழுக்கையும் புண்ணையும் மறந்து, குழந்தையை வாரி அணைத்துக்கொண்டார்.

இதை யார் சொன்னது? அவரே! படத்தைப் பார்க்கிறவர்கள் "என்ன அன்பு!" என்றிருப்பார்கள். கை தொடாமல் நின்றதை அவர் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? மற்றவர்கள் நம்மைப் பற்றி எழுதினால் படத்தைத்தான் எழுதுவார்கள். படத்தில் தெரியாததை நாமே சொல்வதுதான் சாட்சி.

மாற்கு முதலாம் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி இயேசுவினிடத்தில் வருகிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, சுகமாகியிருப்பானே! ஆனால் ஆண்டவர் முதலில் கையை நீட்டித் தொட்டார். சுத்தமானபின் தொடவில்லை. தொட்டபின்தான் சுத்தமானான்.

நான் முழங்காலில் விழுந்து அழுதேன். எத்தனை வாலிபர் தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறேன்! என் மகனைத் தொட்டு ஏழு மாதம். 'அவன் திருந்தி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்றிருந்தேன். என் பிள்ளையின் விரலை மிதித்ததும் நானே.

காலையில் சாம்பல் படிந்த சட்டையோடு வந்தான். அவன் தலையில் கை வைத்தேன். "அப்பா உன்கிட்ட தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். "என்னப்பா இது... சட்டையெல்லாம் அழுக்குப்பா" என்று விலகினான். நான் விடவில்லை. அவன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்து அழுதாள். பரணிலிருந்து கிட்டாரை இறக்கினோம். கம்பி துருப்பிடித்திருந்தது; புதுக்கம்பி வாங்கிக் கொடுத்தேன். இன்னும் எல்லா ஞாயிறும் அவன் வருகிறதில்லை. ஆனால் பேசுகிறான். அந்தப் புத்தகத்தில் எனக்கு விளங்காத இடங்களை அவனே வாசித்துச் சொல்லுகிறான்.

தகப்பன்மாரே, தாய்மாரே! உங்கள் வீட்டில் தொடப்படாமல் இருக்கிற பிள்ளை யார்? தீர்ப்பு சொல்லுமுன் கையை நீட்டுங்கள். இன்றைக்கே நீட்டுங்கள்.

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, அழுக்கோடு வந்த என்னை நீர் தொட்டீர். நானோ என் பிள்ளையைத் தள்ளி நிறுத்தினேன். மன்னியும். என் கைகளை உம்முடைய கைகளாக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.