எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள்?

போன மாதம் எங்கள் தாமானில் ஒரு தாளை வீடு வீடாகக் கொண்டு வந்தார்கள். பின்னால் எஞ்சியிருக்கும் செம்பனைத் தோட்டத்தை அழித்து அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்களாம். அதை எதிர்க்கும் மனு. கொண்டு வந்த பையன் பணிவானவன். "அக்கா, ஒரு சைன் போட்டுடுங்க. இருக்கிற பச்சையும் போயிட்டா சாயங்காலம் நடக்கக்கூட எடம் இருக்காது. மழை பேஞ்சா தண்ணி எல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்றான்.

தாளில் நான்கு கட்டங்கள். பெயர், அடையாள அட்டை எண், வீட்டு எண், எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள். மூன்றை நிரப்பிவிட்டேன். நான்காவதில் கை நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இதே மண்ணில் அம்மா பால்மரம் வெட்டியது 27 ஆண்டுகள். அதற்கு முன்னால் பாட்டி. எங்கள் தாமானின் முதல் சாலை எந்த நிரையின் மேல் போகிறது என்று அம்மா இன்றும் கையைக் காட்டிச் சொல்வார். "நாளைக்குத் தர்றேன் தம்பி" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நெகிரி செம்பிலானில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கதை. நீலாய், லாபு, சிரம்பான் 2, 5,000 ஏக்கருக்கு மேல் விரியும் ஸ்ரீ செண்டாயான் என்று இன்று வீடமைப்பு விளம்பரங்களில் வரும் பெயர்களெல்லாம் ஒரு தலைமுறைக்கு முன்னால் ரப்பரும் செம்பனையும் நின்ற வட்டாரங்கள். மலேசியா விஷன் வேலி என்ற திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 150,000 ஹெக்டருக்கு மேல் வரைபடம் போட்டிருக்கிறது. தோட்டம் போன பிறகும் பெயர் மட்டும் சில இடங்களில் தங்கிவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளில். லாடாங் கெர்பி தமிழ்ப்பள்ளி, லாடாங் லாபு தமிழ்ப்பள்ளி. இங்கே லாடாங் என்ற சொல்லைக் கடைசிவரை சுமப்பவை நம் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள்தான்.

என்னைத் தடுத்த கேள்வி எளிமையானது. தோட்டத்தை அழித்துக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மிச்சத் தோட்டத்தை அழிக்காதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எனக்கு முன்னால் வந்தவர்கள் கதவைச் சாத்தவில்லை. நான் நுழைந்ததும் சாத்தச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் புக்கிட் கியாராதான் நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற வசதியான குடியிருப்பை ஒட்டி தாமான் ரிம்பா கியாரா என்று 25 ஏக்கர் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம். அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபோது, 1980களின் தொடக்கத்தில், தொழிலாளர்களைப் பக்கத்திலேயே தற்காலிக நீள்வீடுகளில் வைத்தார்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். ஏறத்தாழ 100 குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்குள்ளேயே பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன.

பிறகு ஒரு திட்டம் வந்தது. பூங்காவில் 12 ஏக்கரை எடுத்து, நீள்வீட்டு மக்களையும் கணக்கில் வைத்து 350 மலிவு வீடுகள், அவற்றோடு எட்டு ஆடம்பர அடுக்குமாடிக் கட்டடங்கள். மாநகர மன்றம் 2017இல் அனுமதி கொடுத்தது. பூங்காவைச் சுற்றியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அனுமதி கொடுத்த மாநகர மன்றத்தின் தலைவர், திட்டத்தில் பங்குள்ள அறவாரியத்தின் வாரியத்திலும் இருந்தார். அதையும் நீதிமன்றம் விட்டுவைக்கவில்லை. பொது நிலத்தைக் காக்க நினைக்கும் எல்லாருக்கும் அது பெரிய தீர்ப்பு. நானும் கொண்டாடினேன்.

கொண்டாடிய இரவில் தூக்கம் வரவில்லை. பச்சை பிழைத்தது, சரி. 40 ஆண்டுகளாகக் காத்திருப்பவர்கள்? எட்டு ஆடம்பரக் கட்டடங்களுக்கு முகமூடியாக அந்தக் குடும்பங்களைப் பயன்படுத்தினார்கள் என்றே நான் நினைக்கிறேன். நியாயமாகச் சொன்னால், நீள்வீடு நிற்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுங்கள் என்று எதிர்ப்பாளர்களும் கேட்டார்கள். ஆனாலும் நீள்வீட்டிலிருந்த பலர் அந்தத் திட்டத்தை விரும்பினார்கள். விரும்பாமல் என்ன செய்வார்கள்? மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கிறவனிடம் போய் மரத்தின் அருமையைச் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மரத்தை நேசிக்கவும் முதலில் ஒரு கூரை வேண்டியிருக்கிறது, பட்டாவோடு.

இந்தப் பட்டா விஷயத்தில்தான் முடிச்சு இருக்கிறது. நம் நாட்டின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், ஆட்சேபிக்கும் உரிமை உண்டு என்று யாருக்கு அறிவிக்கச் சொல்கிறது? பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு. குடியிருப்பவருக்கு என்று சொல்லவில்லை. அந்தக் கணக்குப்படி 8 ஆண்டுக்கு முன் வங்கிக் கடனில் வீடு வாங்கிய நான் அக்கம்பக்கம். மூன்று தலைமுறை லயத்தில் இருந்தவர்கள் அக்கம்பக்கம் ஆகமாட்டார்கள். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும்.

அம்மாவின் தோட்டம் மூடப்பட்டபோது கையில் ஒரு கணக்குச் சீட்டு கொடுத்தார்கள். 1980ஆம் ஆண்டு விதிப்படி, 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 27 ஆண்டுகளைப் பெருக்கினால் 540 நாள். சட்டத்தில் பிழையில்லை, காசும் குறையவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் வேலை மட்டுமே இருந்தது. அம்மா அங்கே பிறந்தது, கல்யாணம் ஆனது, லயத்துக்குப் பின்னால் கருவேப்பிலையும் முருங்கையும் வைத்தது, முனியாண்டி கோயிலுக்குக் கூழ் ஊற்றியது எதுவும் அதில் ஏறவில்லை. ஏற்ற ஒரு கட்டமும் இல்லை.

உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் சொன்னார். கேட்க இனிக்கிறது. அப்படியானால் பால் வெட்டியவர்களுக்கு இந்நேரம் பாதி நாடு சொந்தமாகியிருக்க வேண்டும். அதே வாதத்தைத் திருப்பிப் போட்டுத்தான், உழாதவர்களுக்கு நிலம் இல்லை என்று உலகெங்கும் பழங்குடிகளை விரட்டினார்கள். அதனால் எனக்கு அந்த வாதத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாமும் காலியான காட்டுக்கு வந்தவர்கள் இல்லையே. தோட்டங்களுக்கு முன்னால் இங்கே தெமுவான் மக்கள் இருந்தார்கள்.

அவர்கள் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1995இல் விமான நிலையத்துக்கான நீலாய்–பந்திங் நெடுஞ்சாலைக்காக டெங்கிலில் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்தார்கள். மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். வழிவழியாக வாழ்ந்ததால் நிலத்தின் மேலேயே அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. வாழ்ந்தது என்பதும் ஓர் உரிமையாக நிற்க முடியும் என்று நம் நாட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் உரிமையும் அதே தரத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் ஆதிக்குடிகள், நாம் கப்பலில் வந்தவர்கள். ஆனால் ஒன்றுமே இல்லை என்பதற்கும் அவர்களுடையதற்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது.

நெகிரி செம்பிலானிலேயே இன்னொரு வழக்கம் உண்டு. அடாட் பெர்பாத்தே. ரெம்பாவ், கோலப்பிலா பக்கம் குல நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வைத்திருப்பவர் ஆண்டு அனுபவிக்கலாம், குலத்துக்கு வெளியே விற்க முடியாது. 1909இல் ஆங்கிலேய ஆட்சியே இதைச் சட்டமாக எழுதிவைத்தது. அதே ஆண்டுகளில்தான் ரப்பர் விலை ஏறி, அதே ஆட்சி பக்கத்து நிலங்களை ஏக்கர் ஏக்கராகக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் விற்கவே முடியாத நிலம், அந்தப் பக்கம் லண்டனில் பங்கு பங்காக விற்ற நிலம். நம்மை இறக்கிவிட்டது அந்தப் பக்கத்தில். இதை உடைக்கக் கொஞ்சமாவது முயன்றவர் துன் சம்பந்தன். 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். பெரிய காரியம். எல்லாத் தோட்டத்துக்கும் அது எட்டவில்லை.

அப்புறம் இந்தப் பச்சை. மனுவில் "இயற்கை வனப்பு" என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். "காலையில நாலரைக்கு எந்திரிச்சி பெரட்டுக்கு ஓடுனவங்களுக்குத் தெரியும் வனப்பு. கொசு, அட்டை, மருந்து அடிக்கிற டின்னு. எத்தன பேருக்கு நகமே போச்சு." காட்டை வெட்டி ஒரே மரத்தை நிரை நிரையாக நட்டதற்கு இயற்கை என்று பெயர் வைத்தது, அதில் வேலை செய்யாதவர்கள்தான். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா சாயங்காலம் மழ விட்டதும் ஒரு வாசம் வரும் பாரு. அத எங்க போயி வாங்குறது?" இரண்டும் உண்மை. அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு மனுவில் அந்த இரண்டாவது வாக்கியம் வேண்டும், முதலாவதை மறைக்காமல்.

கையெழுத்துப் போட்டேன். பெரிய கொள்கை காரணமாகப் போடவில்லை. தண்ணீர் காரணம். அந்தச் சரிவு போனால் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, கீழே இருக்கும் கம்பத்திலும் வெள்ளம் புகும். எனக்கு யோக்கியதை இல்லை என்பதற்காகத் தண்ணீர் வேறு பக்கம் ஓடாது. நான்காவது கட்டத்தில் 8 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக 27 என்றும் எழுதினேன். யாருக்கும் புரியாது.

மறுநாள் பையன் வந்தான். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லா வீட்டுலயும் வாங்கியாச்சா தம்பி?"

"ஆச்சு பாட்டி. ஆறு வீடுதான் பாக்கி."

"உள்ள லயத்துல?"

அவனுக்குப் புரியவில்லை. செம்பனைக்குள்ளே பழைய லயத்தில் இப்போது வங்காளதேசத்து ஆள்கள் பதினைந்து, இருபது பேர் இருக்கிறார்கள். காய் வெட்டுகிறவர்கள். தோட்டம் போனால் அடுத்த வாரமே அவர்களைக் கிளப்பிவிடுவார்கள்.

"அவங்க சைன் போட்டா செல்லாது பாட்டி. அவங்க நம்ம ஊர் இல்லல்ல."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையன் போன பிறகு என்னிடம், வெயில் தாழ்ந்ததும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாமா என்று கேட்டார். போனோம். அவருக்கு வங்காளம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உடைந்த மலாயில் அம்மா கேட்ட முதல் கேள்வி, இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்பது. ஒருவன் ஆறு விரலைக் காட்டினான்.