அம்மிணி, வேணாம்!

கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார் என் நண்பர். சின்ன இடம். இரண்டு பையன்கள், ஒரு காயில் சுற்றும் மெஷின், சுவரோரம் வரிசையாக எரிந்துபோன மோட்டார்கள். ஆனால், அவருடைய உண்மையான முதலீடு இது எதுவுமில்லை. கடை போர்டில், பில் புத்தகத்தில், விசிட்டிங் கார்டில் எல்லாம் இருக்கும் அந்தப் பத்து இலக்க செல்போன் நம்பர்தான்.

போன மாதம் ஒரு மணி நேரம் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு அழைப்புகள். அதில் வேலைக்காக வந்தவை நான்கு. மற்றதெல்லாம் பிசினஸ் லோன், கார்டு தேய்க்கிற மெஷின், பில் போடுகிற சாஃப்ட்வேர், அன்னூர் பக்கம் சைட். கையெல்லாம் வார்னிஷ். ஒவ்வொரு முறையும் பனியனில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து எடுக்கிறார்.

''தெரியாத நம்பர்னா எடுக்காம விட்ற வேண்டியதுதானே?'' என்றேன்.

''ஏனுங்க, மோட்டார் எரிஞ்சவன் பூராம் புது நம்பர்லதானுங்க கூப்பிடுவான்!''

அதுதான் விஷயம். நீங்களும் நானும் எடுக்காமல் இருந்துவிடலாம். அவரால் முடியாது. ஒரு முறை வெறுத்துப்போய் மூன்று நாள் அப்படி இருந்து பார்த்திருக்கிறார். எட்டு வருடமாக அவரிடம் வேலை கொடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் புது செக்ரட்டரி, தன் சொந்த நம்பரிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, வேறு கடைக்குப் போய்விட்டார். மேலே டேங்க்கில் தண்ணீர் இல்லாதபோது யார் காத்திருப்பார்கள்?

அதற்கப்புறம் எல்லாவற்றையும் எடுக்க ஆரம்பித்தார். எடுத்து, கத்த ஆரம்பித்தார். ஒரு நாள் லோன் வேணுமா என்று கேட்ட பெண்ணிடம், வீட்டில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அதுவரை ஒப்பித்துக்கொண்டிருந்த பட்டணத்துத் தமிழை விட்டுவிட்டு, ''எனக்கு இதுதானுங்க வேலை'' என்றதாம் அந்தப் பெண். சுத்தமான நம்ம ஊர்ப் பேச்சு. கோபியோ, தாராபுரமோ! ''அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க'' என்றார் நண்பர்.

அதனால் ரொம்ப நல்லவராக மாறினார். ''இப்ப வேலையா இருக்கேன் அம்மிணி, நாளைக்குக் கூப்பிடு கண்ணு.'' விளைவு? அழைப்புகள் இரண்டு மடங்காகிவிட்டன.

ஏன் என்று எனக்குத் தெரியும். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இரண்டு வருடம் இந்த வேலையில் இருந்தவள். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் 'வேண்டும்', 'வேண்டாம்', 'மறுபடி கூப்பிடணும்' என்று எதையாவது ஒன்றைக் குறிக்க வேண்டுமாம். ''கத்தறவன்கூட பரவாயில்ல மாமா, பத்து செகண்டுல முடிஞ்சுரும். இனிக்க இனிக்கப் பேசி நாளைக்கு வா, நாளன்னிக்கு வானு இழுக்கறாரு பாருங்க, அவராலதான் டார்கெட் போகும்'' என்பாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், நானும் 'மீட்டிங்ல இருக்கேம்மா' கோஷ்டிதான். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சொல்வேன். குற்றமில்லாத நன்மை விளையுமென்றால் பொய்க்கும் இடமுண்டு என்று வள்ளுவர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறாரே, அந்தக் கணக்கில் எழுதிக்கொள்வேன். யோசித்துப் பார்த்தால், என் பொய்யால் அவளுக்கு எந்த நன்மையும் இல்லை. 'நான் நல்ல மனுஷன்' என்கிற திருப்தி எனக்கு. அதற்கான செலவு அவள் கணக்கில். அதற்காக, கத்துவது மேல் என்று சொல்ல வரவில்லை. கத்துகிறவரும் சரி, குழைகிறவரும் சரி, சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையைச் சொல்வதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007-லேயே 'கூப்பிடாதே' பட்டியல் கொண்டுவந்தது டிராய். பிறகு 1909 வந்தது, 140-ல் தொடங்கும் எண்கள் வந்தன. 2018-ல் புது விதிகள். 2025 பிப்ரவரியில் அவற்றையும் திருத்தி, அழைப்பு வந்து ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம், பதிவு செய்யாமல் சாதாரண நம்பரிலிருந்து கூப்பிடுகிறவர் மேல் பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை என்று இறுக்கினார்கள். நண்பருக்கும் தெரியும். புகார் செய்ததில்லை. ''அந்தப் புள்ளையோட சிம்மா இருந்துட்டா?'' என்கிறார். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சொந்த சிம்மில் கூப்பிடச் சொல்லி வேலை வாங்குகிற முதலாளிக்கு, நம் இரக்கம்தான் பாதுகாப்பு என்று ஆகிவிடும்.

கிளம்பும்போது ஒரு வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினார். கோவை அபார்ட்மென்ட் ஓனர்கள், பத்தாயிரம் நம்பர், விலை இரண்டாயிரம் ரூபாய்.

''வாங்கலாங்களா?''

''உங்களுக்கே இது அடுக்குமாங்க?''

''நான் லோனா விக்கறேன்? மோட்டார் போனா எல்லாருக்கும் ஆள் வேணுமில்லீங்களா? எதுத்தாப்புல கடைக்காரன் வாங்கிட்டான். சீசன்ல எனக்குப் பாதி வேலைதான் வந்துச்சு.''

லோன் விற்கிறவரும் இதைத்தான் சொல்வார், 'பணம் யாருக்கு வேண்டாம்?' என்று. தன்னுடைய அழைப்பு மட்டும் தொந்தரவு இல்லை, உதவி என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. இதை நான் அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே, ரெண்டு பையன்களுக்கு சனிக்கிழமை சம்பளம் தர வேண்டியது அவர்தான், நானில்லை என்பதும் உறைத்தது.

அதற்குள் போன் அடித்தது. எடுத்தார்.

''வேணாம் அம்மிணி. மறுபடி கூப்பிட வேணாம்னு எழுதிக்கங்க. வெச்சுடறேன்.''

ஐந்து செகண்ட்கூட ஆகவில்லை. குரலில் சூடும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மறுபடி வார்னிஷ் டப்பாவைத் திறந்தார்.

அந்த மெசேஜை அவர் இன்னும் அழிக்கவில்லை. போன வாரம்கூடக் கேட்டேன். ''இருக்கட்டுங்க, பாக்கலாம்'' என்றார்.