மறைப்பதும் துடைப்பதும்

சிறுவயதில் மத்ரஸாவில் மரப்பலகையில் எழுதி ஓதினோம். பாடம் முடிந்ததும் பலகையைக் கழுவி வெயிலில் வைப்போம். மறுநாள் அதில் பழைய எழுத்தின் சுவடும் இராது. எழுதியதை அழிப்பது என்றால் அதுவே என்ற எண்ணம் அன்று மனத்தில் படிந்துவிட்டது. அது எல்லா எழுத்துக்கும் பொருந்தாது என்பதை ஐம்பது வயதைக் கடந்தபின் ஒரு கணினி எனக்குக் கற்பித்தது.

எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் தாம் பயன்படுத்திய கணினியை எனக்கு விற்றார். அதில் நஹ்வு பாடக் குறிப்புகளை நாற்பது பக்கம் தட்டெழுதி வைத்திருந்தேன். ஒருநாள் வேண்டாத கோப்புகளை நீக்குகையில் அவற்றையும் சேர்த்து நீக்கி, 'ரீசைக்கிள் பின்' எனும் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன். மூன்று மாத உழைப்பு போயிற்று என்று கலங்கி நின்றபோது, கணினி அறிந்த என் மாணவர் ஒருவர் பென் டிரைவில் ஒரு மீட்புக் கருவியைக் கொண்டுவந்தார். "ஹஜ்ரத், இனி இந்தக் கணினியில் எதையும் புதிதாக எழுதாதீர்கள். எழுதாதவரை பழையது உள்ளேயே இருக்கும்" என்றார்.

அவர் விளக்கியது வியப்பாக இருந்தது. ஒரு நூலகத்தில் நூற்பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டு, நூலை அலமாரியிலேயே விட்டுவைத்தால் எப்படியோ, அப்படித்தான் கணினி கோப்பை அழிக்கிறது. அந்த இடம் காலியாக இருப்பதாகக் குறித்துக்கொள்ளும். வேறொன்றை அதன்மீது எழுதும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். டாஸ் காலத்தில் கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி ஒரு குறியிடுவதே அழிப்பின் அடையாளமாக இருந்தது. அதனால் மீட்கும் கருவி, அந்த முதல் எழுத்து எது என்று நம்மிடமே கேட்கும். 1982-இல் அமெரிக்காவில் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட 'நார்ட்டன் யூட்டிலிட்டீஸ்' புகழ்பெறக் காரணமானதும் இத்தகைய மீட்புக் கருவிதான்.

கருவி ஒரு மணி நேரம் தேடியது. என் பாடங்கள் கிடைத்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவை மட்டும் வரவில்லை. கணினியை விற்றவர் அழித்துச் சென்ற படங்களும் கணக்குகளும் கடிதங்களும் நூற்றுக்கணக்கில் வரிசையாக எழுந்து நின்றன.

ஊரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உலவிய காலம் அது. அது உண்மையா, அவதூறா என்பதற்கு விடை ஒருவேளை என் கண்முன் இருந்த பட்டியலிலேயே இருந்திருக்கலாம். மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், திறந்து பார்க்கலாமா? பேச்சு பொய்யென்று தெரிந்தால் அவருக்கு நன்மைதானே?" என் கையும் மவுஸை நோக்கிச் சென்றது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நல்ல நோக்கம் என்ற போர்வையில் வரும் ஆசையைத் தடுப்பது எளிதன்று.

கையை நிறுத்தியது ஒரு பழைய வரலாறு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவில் ஊர்க்காவலாகச் செல்கையில் ஒரு வீட்டினுள் ஓசை கேட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே ஒருவர் குற்றத்தில் இருந்தார். அவரோ, "நான் செய்தது ஒரு தவறு. தாங்கள் செய்தவை மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லவில்லை" என்ற பொருள்பட மறுமொழி கூறினார். உமர் (ரலி) அவர்கள் அவரைத் தண்டிக்காமல் திரும்பினார்கள். இதனை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் கண்டது உண்மையான குற்றமே. ஆயினும் காணக் கிடைத்ததனாலேயே காணும் உரிமை வந்துவிடவில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் துருவி ஆராய்வதைத் தடுக்கும்போது, நல்ல நோக்கத்துக்கென்று விலக்கு எதுவும் அங்கே சொல்லவில்லை.

அழித்த கடிதம் யாருக்குச் சொந்தம்? ஃபிக்ஹு நூல்கள் கண்டெடுத்த பொருளை 'லுகத்தா' என்ற தலைப்பில் பேசும். தொலைத்தவர் அதைத் திரும்பப் பெற விரும்புவார். ஆகவே அறிவிக்க வேண்டும். உரியவர் வேண்டாமென்று வீசிய அற்பப் பொருளை எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். அழித்த கடிதமோ இவ்விரண்டிலும் அடங்காது. அவர் அதைத் தொலைக்கவுமில்லை, பிறர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வீசவுமில்லை. அது எவர் கண்ணிலும் படக்கூடாது என்றே அழித்தார். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, வேறு யாரும் கேட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தால் அச்செய்தி அமானிதமாகிவிடும் என்பது நபிமொழி. கடிதத்தை அழிப்பதும் அப்படித் திரும்பிப் பார்ப்பதுதான். ஆகவே அது என் கணினியில் இருந்தாலும் என்னிடம் அமானிதமே.

இத்தகைய அமானிதம் எத்தனை பேர் கையில் அவர்கள் அறியாமலே இருக்கிறது! அமெரிக்காவில் கார்ஃபிங்கல், ஷெலாட் என்னும் இரு ஆய்வாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். இயங்கியவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

இங்கே அரபு மொழியின் நுட்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். 'கஃபர' என்னும் வினைக்கு மறைத்தல் என்பது வேர்ப்பொருள். போர்வீரன் தலையை மூடும் கவசத்துக்கு 'மிக்ஃபர்' என்று பெயர். 'அஃபா' என்பதோ, காற்று வீசி மணலில் இருந்த சுவடு இல்லாமற் போவதைக் குறிக்கும். அல்லாஹ்வின் திருநாமங்களை விளக்கும் 'அல் மக்ஸதுல் அஸ்னா'வில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மறைப்பதைவிடத் துடைப்பது மேலானது. ஆகவே 'அஃபுவ்வு' என்னும் திருநாமம் 'கஃபூர்' என்பதினும் ஆழ்ந்த பொருளுடையது என்கிறார்கள். கணினியின் சாதாரண அழிப்பு மறைப்பதோடு நின்றுவிடுகிறது. மனிதரும் பெரும்பாலும் அப்படியே மன்னிக்கிறோம். பட்டியலில் பெயரை அடித்துவிட்டு, செய்தியை உள்ளே வைத்துக்கொள்கிறோம். ஒரு சண்டை வந்தால் போதும். இருபதாண்டுக்கு முன் மன்னித்ததாகச் சொன்ன குற்றம் முதல் எழுத்தும் குறையாமல் மீண்டு வருகிறது. கணவன் மனைவிக்கிடையிலும் உடன்பிறந்தாரிடையிலும் இதை நாம் காணவில்லையா?

என் பாடங்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கருவியை மூடச் சொன்னேன். பின்னர் விண்டோஸிலேயே உள்ள 'சைஃபர்' என்னும் கட்டளையால், காலியென்று குறித்த இடம் முழுவதையும் மூன்று முறை மேலெழுதித் துடைத்தார் மாணவர். இரவெல்லாம் ஓடியது. இப்போது வரும் எஸ்எஸ்டி வகைகளுக்கு இம்முறை நம்பத்தக்கதன்று. அவற்றைத் தயாரித்தவரே தரும் அழிப்புக் கருவியை நாட வேண்டும். கணினியையோ கைபேசியையோ விற்குமுன் குடும்பத்தார் இதைக் கவனிப்பது கடமை. பழுது பார்ப்போருக்கும் ஒரு சொல்: உங்களிடம் வருவது பிறர் வீட்டின் உள்ளறை, வாசலைக் கடக்க அனுமதி வேண்டும்.

விற்றவரிடம், "பழைய கோப்புகள் கிடந்தன, திறக்காமல் துடைத்துவிட்டேன். இனி விற்பதாயின் துடைத்து விற்றுவிடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவரைப் பற்றிய பேச்சு உண்மையா பொய்யா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் நின்று தொழும்போது, தெரியாமலிருப்பதும் ஓர் அருளே என்று உணர்கிறேன்.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்குறுதி. நம் ஏடுகளில் இருப்பவற்றை அவன் மறைத்தருள்வானாக. மறைத்ததோடு நில்லாமல் துடைத்தும் அருள்வானாக. ஆமீன்.