துக்கம் ஈமானின் குறையல்ல



2020 ஏப்ரலில் சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகள் கொரோனாவால் அடைக்கப்பட்டன. 3 லட்சத்துக்கும் அதிகமானோர் முடங்கினார்கள். அவர்களில் தமிழகத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ரமலானும் பெருநாளும் அங்கேயே கழிந்தன. ஊரில் தகப்பனார் மவுத்தானாலும் ஜனாஸாவுக்கு வர வழியில்லை. போனில் அழுதவர்களிடம், "ஸப்ரு செய், ஈமானை உறுதியாக்கு" என்று மட்டும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதாகக் குர்ஆன் கூறுகிறது. அழகிய பொறுமையைப் பேசிய அதே நபிதான் அழுதார்கள். அது ஈமானின் குறையா?

ஆகவே, "தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடைக்கிறது" என்று வெளிநாட்டிலிருந்து மகன் சொன்னால், பணத்தைப் பற்றிக் கேட்குமுன் அவன் பேச்சைக் கேளுங்கள். துஆச் செய்யுங்கள், மருத்துவரிடமும் போகச் சொல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியளிப்பானாக! ஆமீன்.