சாட்சியா? காட்சிப்பொருளா?



அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்து அடிமைப்பெண் ஒருத்தி வருகிறாள். அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. பவுலும் சீலாவும் மெய்தேவனுடைய ஆட்கள் என்று அநேக நாள் பின்னாலேயே போய்ச் சத்தமிட்டாள். அவள் சொன்னது பொய்யா? இல்லையே! ஆனாலும் பவுலின் மனம் நொந்துபோயிற்று. ஒரு ஆவி அவளைக் கட்டி வைத்திருந்தது. அந்தக் கட்டை வைத்து அவள் எஜமான்கள் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆத்துமா எக்கேடு கெட்டால் அவர்களுக்கென்ன? வாய் மட்டும் போதும்!

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அமெரிக்காவின் நார்மா மெக்கார்வி என்ற பெண்மணி என் நினைவுக்கு வருகிறார்.

1969-ல் நார்மா டெக்சாஸில் வாழ்ந்த ஏழைப்பெண். வயது 22. மூன்றாம் முறை கர்ப்பம். கருவைக் கலைக்க வழி தேடினார். டெக்சாஸ் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு பெண் வக்கீல்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். ‘ஜேன் ரோ’ என்று புனைப்பெயர் கொடுத்து 1970-ல் வழக்குத் தொடுத்தார்கள். நார்மா ஒருநாளும் கோர்ட் படி ஏறவில்லை. வழக்கு முடியும் முன்னே குழந்தை பிறந்து, தத்துக்கும் போய்விட்டது. 1973 ஜனவரி 22-ல் உச்சநீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. தேசம் முழுவதும் கருக்கலைப்புக்கு வாசல் திறந்தது. பாருங்கள், அவர் பெயரில் சட்டமே மாறியது. அவருக்குக் கிடைத்தது என்ன? பாவம், ஒன்றுமில்லை!

பின்னாளில் அவர் டல்லாஸில் ஒரு கருக்கலைப்பு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1995-ல் அதே கட்டடத்தில், பக்கத்துக் கதவில், கருக்கலைப்பை எதிர்க்கும் ‘ஆப்பரேஷன் ரெஸ்க்யூ’ இயக்கத்தார் அலுவலகம் திறந்தார்கள். அங்கே வேலை செய்த ஒரு தாயின் ஏழு வயது மகள் நார்மாவோடு சிரித்துப் பேசி, கட்டிப்பிடித்து, “சபைக்கு வாங்க” என்று அழைத்தாளாம். வக்கீலும் மேடையும் தொடாத இருதயத்தை ஒரு சின்னப் பிள்ளை தொட்டாள். அல்லேலூயா!

அந்த ஆகஸ்டு 8-ம் தேதி, கார்லண்ட் என்ற ஊரில் ஒரு வீட்டின் நீச்சல் குளத்தில் நார்மா ஞானஸ்நானம் எடுத்தார். அதையும் டெலிவிஷன் கேமரா படம் பிடித்தது. இங்கேதான் என் உள்ளம் வலிக்கிறது. தண்ணீரிலிருந்து ஏறின குழந்தைக்கு முதலில் பால் அல்லவா கொடுக்கவேண்டும்? மைக்கைக் கொடுத்தார்கள்!

அதன்பின் சபைகள், பேரணிகள், கல்லூரிகள், கூட்டத்துக்குமேல் கூட்டம். 1998-ல் செனட் குழுவின் முன்பாகவும் சாட்சி சொன்னார். 2009 மே 17-ல் நோட்ர டாம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஜனாதிபதி ஒபாமாவைப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்து, கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது. கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கிறவருக்கு இந்த மேடையா என்று பெரிய எதிர்ப்பு. அவ்விடத்துப் பிஷப்பே விழாவுக்குப் போகவில்லை. உள்ளே பேச்சின் நடுவில் சிலர் கூச்சலிட்டார்கள். வெளியே வளாகத்தில் நுழைந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. பிடிபட்டவர்களில் 61 வயது நார்மாவும் ஒருவர். மறுநாள் செய்தியில் ‘ஜேன் ரோ கைது’! அப்போதும் செய்தியானது அந்தப் பழைய புனைப்பெயர்தான்.

2017 பிப்ரவரி 18-ல் அவர் மரித்தார். மூன்று வருஷம் கழித்து, 2020-ல், ஒரு ஆவணப்படம் வெளிவந்தது. சாகும் முன் அவர் பேசியது அதில் இருக்கிறது. ‘அவர்கள் பணம் கொடுத்தார்கள், சொல்லச் சொன்னதைச் சொன்னேன், நடித்தேன்’ என்ற கருத்தில் பேசினார். வருஷக்கணக்கில் 4 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் அவருக்குப் போயிற்று என்று அந்தப் படம் காகிதங்களைக் காட்டிற்று. அவரோடு வேலை செய்த ராப் ஷென்க் என்ற போதகரே, நாங்கள் அவரைப் பயன்படுத்திக்கொண்டோம் என்று ஒத்துக்கொண்டார். அவரை நெருங்கி அறிந்த வேறு சிலரோ, அவர் விசுவாசம் கடைசிவரை மெய்யானது என்கிறார்கள். எது உண்மை? இருதயத்தைப் பார்க்கிறவர் ஒருவரே. நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஆனால் நமக்கு நாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு தரப்பார் அவர் பெயரை எடுத்தார்கள், மறு தரப்பார் அவர் வாயை எடுத்தார்கள். நார்மாவுக்காக நார்மாவை நேசித்தது யார்?

ஐயோ சகோதரரே, நாமும் இதைச் செய்யவில்லையா? குடித்துக் கெட்டவன் மனந்திரும்பினால் அடுத்த வாரமே நோட்டீஸில் அவன் படம்! பெயர்போன பாவியென்றால் பெரிய எழுத்து! வேர் விடுமுன்னே பிடுங்கிப் பிடுங்கிக் காட்டினால் எந்தச் செடி பிழைக்கும்? அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா, இராத்திரி தூங்குகிறானா என்று யார் போய் விசாரித்தோம்?

கர்ப்பத்தின் சிசு கர்த்தருடைய சிருஷ்டி. அதைத் தைரியமாய்ச் சொல்லுவோம். 2022 ஜூன் 24-ல் அந்த 1973 தீர்ப்பை உச்சநீதிமன்றமே ரத்து செய்தது, அநேகர் களிகூர்ந்தார்கள். ஆனால் சட்டம் மாறினதால் கண்ணீர் நின்றுவிடுமா? சிசுவுக்காகப் பேசுகிற வாய், அதைச் சுமக்கிற தாயின் பசியையும் பயத்தையும் விசாரிக்கவேண்டும். சத்தியத்துக்கு விலைக்கு வாங்கின சாட்சி தேவையில்லை. மேடையில் வென்று ஆத்துமாவைத் தோற்றால் என்ன லாபம்?

இதை வாசிக்கிற சகோதரியே, உனக்குள்ளும் யாருக்கும் சொல்லாத ஒரு பழைய காயம் இருக்கலாம். பயப்படாதே அம்மா. நீ அதை மேடையேறிச் சொல்லவேண்டியதில்லை. கல்லெறிய வந்தவர்களெல்லாம் போனபின்பு தனியே நின்ற பெண்ணிடம் இயேசு எப்படிப் பேசினார்? கூட்டத்தைத் திரும்பக் கூப்பிட்டு, இவளைப் பாருங்கள் என்று காட்டினாரா? இல்லை! மன்னித்து, சமாதானத்தோடு அனுப்பினார். இன்றைக்கும் அவர் அப்படியே இருக்கிறார்.

ஜெபிப்போமா? “அன்பின் பரலோகப் பிதாவே, உமது பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக்கின எங்களை மன்னியும். பேர் தெரியாத ஒரு ஆத்துமாவையாவது சத்தமில்லாமல் நேசிக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.”

இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போங்கள். கேமரா வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். கொஞ்சம் அரிசியும் கொஞ்சம் நேரமும் போதும். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக!