வீடு இருக்கு, ஆனா உங்களுக்கு இல்ல

உங்களில் பலருக்கு இது நடந்திருக்கும். வேலை கிடைத்து கோலாலம்பூர் பக்கம் வருகிறீர்கள். கைப்பேசியில் வாடகை விளம்பரம் பார்த்து, "வீடு இன்னும் இருக்கா?" என்று கேட்கிறீர்கள். "இருக்கு, எப்ப வந்து பாக்குறீங்க?" என்று உடனே பதில் வருகிறது. அடுத்த கேள்வி, "உங்க பேரு? என்ன இனம்?" பெயரைச் சொன்னதும் பத்து நிமிடம் சத்தம் இல்லை. பிறகு ஒரு வரி வருகிறது: "சாரி, இப்பதான் வேற ஆள் எடுத்துட்டாங்க."

மறுநாள் பார்த்தால் அதே விளம்பரம் அங்கேயேதான் இருக்கும்.

சில பேர் இந்த நாடகம்கூட ஆடுவதில்லை. 'சீனர்களுக்கு மட்டும்', 'இந்தியர்கள் வேண்டாம்' என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். எங்கள் கிளையில் இருக்கும் ஒரு தங்கை பெட்டாலிங் ஜெயாவில் அறை தேடினாள். படித்த பிள்ளை, நல்ல வேலை. ஏழு இடம் கேட்டு, ஐந்து இடத்தில் பெயரைச் சொன்னதும் முடிந்தது. "அண்ணா, அவங்க என்னைப் பாக்கவே இல்லையே. பாத்துட்டு வேணாம்னு சொல்லியிருந்தா பரவால்ல" என்றாள். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. இது ஏன் தவறு என்பதற்கு அவள் சொன்னதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கோபப்பட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் போதாது. வீட்டுக்காரர் பக்கத்தையும் நேர்மையாகக் கேட்டுப் பார்ப்போம்.

அவர் சொல்லும் முதல் காரணம், "இது என் வீடு. யாருக்குக் கொடுக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." இரண்டாவது, "முன்னாடி ஒருத்தருக்குக் கொடுத்து வாடகை வரல. வீட்டையும் நாசம் பண்ணிட்டாங்க. மறுபடியும் அந்தத் தலைவலி வேணாம்." மூன்றாவது, "சமையல், சாமி, சாப்பாடு எல்லாம் ஒத்துவரணும்."

இவற்றில் எதுவும் முழுப் பொய் அல்ல. இரண்டாவது காரணத்துக்குப் பின்னால் உண்மையான பயம் இருக்கிறது. வாடகை கட்டாதவர் வீட்டைக் காலி செய்ய மறுத்தால், நம் நாட்டில் உரிமையாளர் தானே போய்ப் பூட்டை மாற்றிவிட முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வழக்கறிஞர் செலவு, மாதக்கணக்கில் அலைச்சல், அதற்கிடையில் வங்கிக் கடனும் கட்ட வேண்டும். ஓய்வுப் பணத்தைப் போட்டு ஒரே ஒரு வீடு வாங்கி வைத்திருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் கூட்டரசு அரசமைப்பின் 8-ஆம் விதி, மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. ஆனால் அது சட்டங்களையும் அரசாங்கத்தின் செயல்களையும் கட்டுப்படுத்துவது. இரண்டு தனிமனிதர்களுக்கு இடையிலான வாடகை ஒப்பந்தத்துக்குள் அது நேராக வந்து நிற்பதில்லை. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1968-இலேயே வீட்டு வாடகையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்துவிட்டன. அமெரிக்கச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உரிமையாளர் தானும் குடியிருக்கும் சிறிய கட்டடத்துக்கு அது கொஞ்சம் விலக்கு தருகிறது. ஆனால் அப்படிப்பட்ட வீட்டுக்கும் 'இன்ன இனம் வேண்டாம்' என்று விளம்பரம் போட அனுமதி இல்லை.

அந்தப் பிரிவினையில் ஒரு நியாயம் தெரிகிறது. நான் குடியிருக்கும் வீட்டில், என் சமையலறையை, என் சாமி அறைக்குப் பக்கத்து அறையை ஒருவரோடு பகிர்ந்துகொள்வது குடும்ப விஷயம் மாதிரி. தனி வீட்டை, மாத வாடகைக்கு, ஊரறிய விளம்பரம் செய்து விடுவது வியாபாரம். கடையைத் திறந்துவிட்டு, வருகிறவர் முகத்தைப் பார்த்து "உனக்கு அரிசி இல்லை" என்று சொல்ல முடியுமா? அரிசியைவிட வீடு பெரிய தேவை.

உணவுப் பழக்கமும் அப்படித்தான். "இந்த வீட்டில் மாட்டிறைச்சி சமைக்க வேண்டாம்" என்பது ஒரு நிபந்தனை. வருகிற எல்லோரிடமும் அதைச் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறவர் வரலாம். "நீ இந்த இனம், அதனால் நீ இப்படித்தான் சமைப்பாய்" என்பது நிபந்தனை அல்ல, தீர்ப்பு.

பயத்துக்கும் இதே பதில்தான். வாடகை வராது என்று பயமா? சம்பளச் சீட்டைக் கேளுங்கள். முன்பு இருந்த வீட்டுக்காரரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். இரண்டு மாத முன்பணம், கரண்ட் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று நம் நாட்டில் வழக்கமாக வாங்குவது இந்தப் பயத்துக்காகத்தானே? இவை எல்லாம் ஆளைப் பார்க்கும் வழிகள். இனத்தைக் கேட்பது, ஆளைப் பார்க்காமல் இருப்பதற்கான வழி.

இந்து சமயத்தில் பிறந்த நமக்கு இதில் இன்னும் ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது. வினைக் கொள்கை என்ன சொல்கிறது? செய்தவனுக்கே வினைப்பயன். ஒருவர் நாலு மாத வாடகை வைத்துவிட்டு இரவோடு இரவாக ஓடினால், அந்தக் கடன் அவருடையது. அதே நிறத்தில், அதே மொழி பேசிக்கொண்டு அடுத்து வருகிற பிள்ளையின் தலையில் அதைக் கட்டுவது, ஒருவர் வினையை இன்னொருவர் அனுபவிக்கச் செய்வது. நம் தத்துவத்துக்கே அது முரண். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வீடு மறுக்கப்பட்டவரைப் பார்த்து "அது உன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போவதும் தவறு. கதவை மூடியது ஒரு மனிதரின் கை. அந்தக் கையின் வினை அவருக்குத்தான்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவது சுலபம். இனி எழுதப்போவது எனக்கே கஷ்டமானது.

அந்தத் தங்கைக்கு அறை கிடைத்து இரண்டு மாதம் இருக்கும். கிள்ளான் பக்கம் என் மாமாவுக்கு ஒரு தரை வீடு இருக்கிறது. அவருக்குக் கைப்பேசியில் விளம்பரம் போடத் தெரியாது. "டேய், நீ போட்டுக் கொடுடா" என்றார். படம் எடுத்தேன். வாடகை, மூன்று அறை, பள்ளிக்கூடம் பக்கம், எல்லாம் எழுதினேன். கடைசியில் மாமா சொன்னார், "நம்ம ஆளுங்க வேணாம்னு போடு. வங்காளதேசிக்காரனும் வேணாம்."

நான் எழுதினேன். கை நிற்கவே இல்லை. சீனர்களுக்கு மட்டும் என்று, தமிழ் பேசும் மாமாவுக்காக, தமிழ் பேசும் நான். அனுப்பும் பட்டனுக்கு மேலே விரல் நின்றபோதுதான் அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. "அவங்க என்னைப் பாக்கவே இல்லையே."

அழித்துவிட்டு மாமாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். முன்பு இருந்த குடும்பம் நாலு மாத வாடகையும் கரண்ட் பில்லும் வைத்துவிட்டுப் போனது. "உன் தர்மத்த வச்சு நான் பில்லு கட்ட முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "முடியாது மாமா. ஆனா ஏமாத்துனது அவங்க. இனிமே வரப் போறவங்க இல்லையே" என்று மட்டும் சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில், யார் வந்தாலும் ஒரே கேள்விகள், ஒரே பத்திரங்கள், ஒரே முன்பணம் என்று முடிவானது. கைக்குழந்தையோடு ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, வீடு கொடுத்தார். இரண்டு தடவை வாடகை தாமதமாகியிருக்கிறது. இரண்டு தடவையும் முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். மாமா இன்னும் முணுமுணுக்கிறார். இந்தக் கதைக்குச் சினிமா முடிவு இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு கிடைத்தது, அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அப்படி வீடில்லாமல் பட்டணத்துக்கு வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று நம்மில் சிலர் கையில் சாவி இருக்கிறது. அந்தச் சாவியை வைத்துக்கொண்டு நேப்பாளி, வங்காளதேசி, ஆப்பிரிக்க மாணவர் என்றதும் முகத்தைத் திருப்புகிறோம். சில வீடுகளில் "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்துச் சாதியைக்கூடக் கேட்கிறார்கள். அடுத்தவர் செய்தால் இனவாதம், நாம் செய்தால் முன்ஜாக்கிரதையா?

திருக்கோவலூர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை இரவு. ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்காருகிறார். பேயாழ்வார் வருகிறார். மூன்று பேரும் எழுந்து நிற்கிறார்கள். வந்தவரிடம் குலத்தையும் ஊரையும் விசாரித்துவிட்டு இடம் கொடுத்ததாகக் கதையில் இல்லை. அப்படி நெருக்கிக்கொண்டு நின்ற பிறகுதான், நாலாவதாக ஒருவர் அவர்களை நெருக்குவது தெரிகிறது. வந்தவர் பெருமாள்.

நான் சின்ன வயதில் இதைப் பக்திக் கதையாகத்தான் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. பெருமாள் வந்தது, இடம் இருந்த வீட்டுக்கு அல்ல. இடம் கொடுத்த இடத்துக்கு.

ஆகவே, இளைஞர்களே, மூன்று காரியம் செய்யலாம். அப்பா அம்மா வீட்டை வாடகைக்கு விடும்போது விளம்பரம் எழுதுவது பெரும்பாலும் நாம்தான். அந்த ஒரு வரியை எழுத மறுங்கள், கூடவே உட்கார்ந்து வேறு வழியும் சொல்லிக் கொடுங்கள். உங்களில் ஏஜெண்டாக வேலை செய்கிறவர்கள், "ஓனர் சொன்னாரு" என்று ஒதுங்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய் உங்களுடையது. வாடகைக்கு இருக்கிறவர்கள், கட்ட வேண்டியதைக் கட்டுங்கள், முடியாத மாதம் முன்கூட்டியே சொல்லுங்கள். இனத்தின் பெயரைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அந்தச் சுமை எந்த வாடகைக்காரருக்கும் இல்லை. வாக்குக் கொடுத்தோம் என்பதற்காக.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினால், முதலில் அவரைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும், பார்த்த பிறகு சொல்லுங்கள்.