அஞ்சாமை பிறப்பில் வருவதா?

நாவலூரிலே, பழைய மாமல்லபுரம் சாலையோரம் நின்று அண்ணாந்து பாருங்கள்! கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. இத்தகைய கட்டடம் எழும்போது, கிரேன் தூக்கித் தரும் இரும்பு உத்திரத்தை உச்சியிலே நின்று ஏந்தி, போல்ட்டு முடுக்கிப் பொருத்துகிறான் ஒரு தோழன். கண்டோர் வியக்கின்றனர். வியந்து சொல்வதென்ன? "அவர்களெல்லாம் அச்சமே அறியாத பிறவிகள்!"

பாராட்டா இது? பாராட்டுப் போர்வை போர்த்தி வரும் பழைய பொய்!

கடல் கடந்த சான்று ஒன்று காண்போம். கனடாவின் மோஹாக் பழங்குடியினர், 1886-இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பாலப் பணியில் இத்தொழிலைக் கற்றனர். பின்னர் நியூயார்க்கின் வானளாவிகளை எழுப்பியோரிலும் அவர்கள் இருந்தனர். உயரத்துக்கு அஞ்சாமை அவர்தம் இரத்தத்திலேயே ஊறியது என்றது உலகம். 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டி முடியாத கியூபெக் பாலம் சரிந்தது. மாண்டோர் 75 பேர். அவருள் 33 பேர் மோஹாக்குகள். இரத்தம் காத்ததா? விசாரணைக் குழு கண்ட காரணங்களுள் ஒன்று, பாலத்தின் எடையைக் குறைத்துக் கணக்கிட்ட பிழை. விதி செய்த கொலையன்று. கணக்குச் செய்த கொலை!

பிறவியிலேயே அஞ்சாதவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அவனுக்குக் கயிறு எதற்கு, பயிற்சி எதற்கு என்று கேட்பது எளிதாகிவிடும். பிறப்பைக் காட்டித் தொழிலைத் தலையில் கட்டிய நாடல்லவா இது? 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டம், பள்ளி நேரம் போக மிஞ்சிய பொழுதில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. நாடு கொதித்தது, 1954-இல் திட்டம் மடிந்தது.

அப்படியாயின் படித்த இளைஞன் இத்தொழிலை வெறுக்க வேண்டுமா? வேண்டாம். நாற்காலியில் அமர்வது மேன்மை, உத்திரத்தில் நிற்பது தாழ்மை என்பதும் அதே நோய்தான். தொழிற்பயிற்சி நிலையத்திலே வெல்டிங்கும் பிட்டர் வேலையும் கற்று, வரைபடம் படிக்கத் தெரிந்து, விரும்பி ஏறுபவன் வல்லுநன். அவனும் அஞ்சுகிறான். அதனால்தான் ஏறுமுன் இடுப்புக் கயிற்றை இருமுறை இழுத்துப் பார்க்கிறான்.

தோழர்களே! உங்கள் தம்பி இத்தொழிலை நாடினால் தடுக்காதீர். அழைப்போரிடம் கேளுங்கள்: பயிற்சி எத்தனை நாள்? கயிறு உண்டா? விழுந்தால் பொறுப்பு யாருடையது? "எல்லாம் விதிப்படி" என்று விடை வந்தால், அந்த உத்திரத்தில் அவன் கால் பட வேண்டாம்.